பழைய ஹைலக்ஸுக்குப் புது கியர் லிவர் புஷ்: றம்பொடை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தபின்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் இருந்து, கியரில் போட்ட பிறகும் லிவர் ஆடும் பல் மாதிரி நாலு பக்கமும் ஆடுகிறதென்றால், லிவரின் அடியில் உட்காரும் ஒரிஜினல் நைலோன் புஷ் (உருண்டையைப் பிடித்திருக்கும் சின்ன உறை) இரண்டையும் வாங்கிப் போடுங்கள். ஷோர்ட் ஷிஃப்டருக்கு, அதாவது கை போகும் தூரத்தைக் குறைக்கும் லிவர் கிட்டுக்கு, காசைக் கொட்ட வேண்டாம். லேத்தில் கடைந்த பித்தளைப் புஷ்ஷும் எங்கள் மலை வழிக்கு எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று வகையையும் மலைப் பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 1994ஆம் ஆண்டு எல்.என். 106 டபள் கெப். 3எல் என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், ஐந்து கியர் ஜி52 கியர் பொக்ஸ், ஃபோர் வீல். அப்பா ஓட்டியது, இப்போது நானும் என் மனைவியும் ஓட்டுகிறோம். கந்தப்பளையில் நாங்கள் போடும் லீக்ஸும் கரட்டும், பக்கத்துக் காணிக்காரர்கள் தரும் கோவாவும் இதில்தான் கண்டிக்கு இறங்கும், சில நாள் தம்புள்ளை வரைக்கும் போகும். பிள்ளைகளை ஸ்கூலுக்கு விடுவதும், அம்மாவை நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போவதும் இதே வண்டிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. இடையில் பழைய கெப்புகளின் விலை ஏறிய ஏற்றத்தை எல்லாரும் பார்த்தோம். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புது கெப்பின் விலையைக் கேட்டால் மரக்கறி போடுகிறவனுக்கு எட்டுகிற மாதிரி இல்லை. இருக்கிற வண்டியைச் சாகவிடாமல் வைத்துக்கொள்வதுதான் எங்களுக்கு வழி. அதனால் இந்த மாதிரிச் சின்னச் சாமான்களைப் பற்றி நிதானமாக எழுதுவது அவசியம் என்று நினைக்கிறேன்.

சமதரையில் ஓட்டுகிறவருக்குக் கியர் லிவர் ஆடுவது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். எங்களுக்கு அது பிரேக்கோடு சம்பந்தப்பட்டது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி சுமார் 500. ஏ5 பாதையில் லபுக்கலை, றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று அவ்வளவு உயரத்தையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். பின்னால் லோட் இருக்கும்போது பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் றம்பொடைக்கு முன்னாலேயே கருகல் வாசம் வரும். இரண்டாம், மூன்றாம் கியரில் வைத்து எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குவதுதான் முறை. அப்பா எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடமும் அதுதான்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு.

இங்கேதான் புஷ் வருகிறது. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். இந்தப் பொக்ஸில் மூன்றிலிருந்து நேரே பின்னால் இழுத்தால் நாலு. நடுவில் நியூட்ரலுக்கு வந்து, லிவரை இடப்பக்கம், அதாவது ட்ரைவரிடமிருந்து விலக்கித் தள்ளிப் பின்னால் இழுத்தால்தான் இரண்டு. புஷ் தேய்ந்த வண்டியில் இடப்பக்கம் தள்ளிவிட்டோம் என்று கை நினைக்கும், அடியில் இருக்கும் நுனி நடுவிலேயே நிற்கும். இழுத்தால் நாலில் விழும். எஞ்சினின் பிடி விட்டுப்போய், இறக்கத்தில் வண்டி சட்டென்று முன்னால் பாயும். அல்லது எதிலும் விழாமல் நியூட்ரலில் ஓடும். லபுக்கலையில் பனிமூட்டம் இறங்கி, எதிரே சுற்றுலா பஸ் ஒன்று வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்தது. அதற்கும் கியர் லிவருக்கும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் மனைவி, "இந்த லிவர் வேலைய முடிச்சுட்டு லோட் ஏத்துங்க" என்று ஒரே பிடியாக நின்றாள். அவள் சொன்னது சரி.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரிந்தால் யாரும் உங்களிடம் கியர் பொக்ஸை இறக்கச் சொல்லிக் காசு கேட்க முடியாது. இந்தப் பழைய ஹைலக்ஸில் லிவர் நேரே கியர் பொக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. இடையில் கேபிள் கிடையாது. லிவரின் கீழ்ப்பாதியில் ஒரு உருண்டை இருக்கும். அது ஒரு நைலோன் சீட்டில் உட்கார்ந்து அசையும். அதற்கும் கீழே, லிவரின் அடி நுனியில் இன்னொரு சின்ன உருண்டை. அதை மூடிக்கொண்டு ஒரு நைலோன் புஷ். அந்த நுனிதான் பொக்ஸுக்குள் ஒரு குழியில் இறங்கி, எந்தக் கியர் வேண்டுமோ அந்த ஷிஃப்ட் ரொட்டைத் தள்ளுகிறது. மேலே ஒரு ஸ்பிரிங்கும் மூடியும் லிவரை அழுத்திப் பிடித்திருக்கும். கைப்பிடியிலிருந்து பெரிய உருண்டை வரைக்கும் உள்ள நீளம், உருண்டையிலிருந்து அடி நுனி வரைக்கும் உள்ள நீளத்தைவிடப் பல மடங்கு. ஆகவே அடியில் ஒரு மில்லிமீற்றர் தேய்ந்தாலே மேலே கைப்பிடி பல மில்லிமீற்றர் ஆடும். நைலோன் முழுதாகப் போய்விட்டால் இரும்போடு இரும்பு மோதி, எஞ்சின் வேகம் ஏறும்போது லிவர் கிர்ரென்று அலற ஆரம்பிக்கும்.

எங்கள் வண்டியில் இரண்டும் இருந்தது, ஆட்டமும் அலறலும். அப்பா காலத்தில் ஒரு கராஜில் மலிவான பிளாஸ்டிக் புஷ் ஒன்றைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். கந்தப்பளையில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் அண்ணன் லிவரை ஒரு தடவை ஆட்டிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"கியர் பொக்ஸ இறக்கணுமாண்ணே?"

"எதுக்கு இறக்கணும்? மேலேருந்தே எடுத்துரலாம். நீ கொழும்புக்குப் போறப்ப ரெண்டு புஷ்ஷும் ஒரு பூட்டும் மட்டும் வாங்கிட்டு வா தம்பி. பழசப் போட்டாலும் போடுவேன், கொப்பி சாமான் போட மாட்டேன்."

பூட் என்று அவர் சொன்னது லிவரின் அடியை மூடும் றப்பர் உறையை. வாங்கியது கொழும்பு பஞ்சிகாவத்தையில். உதிரிப்பாகத்துக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு எங்கே போவது. நான் போன கடை நானா, "94 ஹைலக்ஸ்" என்று சொன்னதை எடுத்துக்கொள்ளவே இல்லை. "வருசம் வேணாம் தம்பி, பொக்ஸ் என்ன பொக்ஸ்?" என்றுதான் கேட்டார். எஞ்சின் பக்கத்தில் இருக்கும் டொயோட்டா தகட்டைப் போனில் படம் எடுத்துப் போயிருந்தேன். அதில் ட்ரான்ஸ், அக்ஸில் என்று போட்ட வரியில் பொக்ஸின் பெயர் இருக்கும். அதைக் காட்டிய பிறகுதான் உள்ளே போனார். நல்ல கடைக்காரருக்கு இதுதான் அடையாளம் என்று நான் நினைக்கிறேன். ஒரே வருசத்து ஹைலக்ஸ் எஞ்சினுக்கும் ஃபோர் வீலுக்கும் தகுந்தபடி வெவ்வேறு பொக்ஸோடு வந்திருக்கிறது. வருசத்தை மட்டும் கேட்டு எடுத்துத் தருகிறவரிடம் வாங்கினால் திரும்ப ஒரு தடவை கொழும்புக்கு பஸ் ஏற வேண்டி வரும்.

அவர் மேசையில் வைத்தது மூன்று வகை. டொயோட்டாவின் ஒரிஜினல் பக்கெட், பெயர் போடாத கொப்பி, சிவப்பு நிறத்தில் யூரித்தேன் என்ற றப்பர் மாதிரியான பிளாஸ்டிக். கொப்பியையும் ஒரிஜினலையும் கையில் வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஒரிஜினலின் உள்பக்கம் வழுவழுப்பாக, வார்ப்புத் தழும்பு இல்லாமல் இருக்கும். கொப்பியின் ஓரத்தில் பிசிறு நிற்கும், நகத்தால் அழுத்தினால் வெள்ளைக் கோடு விழும். விலையில் பெரிய இடைவெளி இல்லை. இரண்டு ஒரிஜினல் புஷ்ஷும் எனக்கு ஐயாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. றப்பர் பூட் தனிக் காசு. என் ஒரே குறை, மேல் சீட்டையும் கீழ்ப் புஷ்ஷையும் தனித்தனிப் பக்கெட்டில் தருகிறார்கள், ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டால் பாதி வேலைதான் நடக்கும். இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பூட் கிழிந்திருந்தால் அதையும். பூட் வழியாகத்தான் மண்ணும் தண்ணீரும் இறங்கி நைலோனை அரைக்கிறது. எங்கள் பக்கத்துத் தோட்டப் பாதைகளின் சேறு உங்களுக்குத் தெரியும்.

போடுகிற வேலை ஒரு காலை நேரத்துக்குள் முடிந்துவிட்டது. லிவரை நியூட்ரலில் வைத்து, கைப்பிடியைச் சுழற்றிக் கழற்றி, தரையில் இருக்கும் பூட்டின் ஸ்குரூக்களை எடுத்தார் அண்ணன். உள் பூட்டை மேலே இழுத்ததும் அந்த மூடி தெரிந்தது. அதன் மேல் ஒரு துணியைப் போட்டு, கீழே அழுத்தி, இடப்பக்கமாகத் திருப்பினால் மூடி விடுபடும். ஸ்பிரிங் உள்ளே இருப்பதால் அழுத்தத்தைச் சட்டென்று விடக்கூடாது. லிவர் முழுதாக மேலே வந்தது. அடி நுனியில் புஷ் இல்லை, வெறும் இரும்பு. புஷ்ஷின் துண்டுகள் கீழே குழியில் கிடந்தன. பிளாஸ்டிக் என்பதால் காந்தத்துக்கு வராது. நீளமான சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த துண்டுகளை ஒரு கடதாசியில் சேர்த்து வைத்துப் பார்த்தார், முழுப் புஷ்ஷும் வந்துவிட்டதா என்று. இந்தக் கவனத்துக்காகவே அவரிடம் போகிறேன். ஒரு துண்டு பொக்ஸுக்குள் போனால் பிறகு ஒயிலோடு எங்கே சுற்றும் என்று யாருக்குத் தெரியும். திறந்திருந்த நேரம் முழுக்க அந்த ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடியே வைத்திருந்தார்.

புதுக் கீழ்ப் புஷ் இறுக்கமாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டாமல், சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு இளகவிட்டு, கையாலேயே அழுத்தி உருண்டையில் ஏற்றினார். டக்கென்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டது. மேல் சீட்டில் கிரீஸ் தடவி, லிவரை இறக்கி, மூடியை அழுத்தித் திருப்பியதோடு சரி.

ஓட்டிப் பார்த்தது பற்றி. கராஜ் வாசலிலேயே தெரிந்தது. நியூட்ரலில் லிவரை இடப்பக்கம் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் அது தானாக நடுவுக்கு வந்து நிற்கிறது. முன்பு எங்கே விட்டாலும் அங்கேயே கிடக்கும். கந்தப்பளையிலிருந்து நுவரெலியா வரைக்கும் சும்மா போனேன். அலறல் அடியோடு இல்லை. உண்மையான சோதனை அடுத்த லோட்டில்தான். லபுக்கலையைத் தாண்டி இறங்கும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு எடுத்தேன். இடப்பக்கச் சுவரைக் கை தொட்டுத் தெரிந்துகொண்டது, பிறகு பின்னால் இழுத்தது. யோசிக்க வேண்டியிருக்கவில்லை. றம்பொடை அனுமார் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டு, திரும்பப் பாதையில் ஏறி, புசல்லாவை வரைக்கும் ஒரு கியர்கூடத் தப்பவில்லை. என் மனைவி அடுத்த நாள் ஓட்டிவிட்டு வந்து, "இப்பதான் இது நம்ம வண்டி மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்குக் கை எட்டம் குறைவு. ஆட்டம் இருந்தபோது ஐந்தாம் கியரை முன்னால் தள்ளித் தேடுவது அவளுக்கு நோவாகவே இருந்திருக்கிறது.

பித்தளைப் புஷ் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். இராகலையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இதே எல்.என். 106 வைத்திருக்கிறார். 2022இல் சாமான் எதுவும் கிடைக்காத நேரத்தில் லேத் பாஸிடம் கொடுத்து பித்தளையில் கடைந்து போட்டார். அந்தக் காலத்தில் அது வண்டியைக் காப்பாற்றியது, இன்னும் தேயவில்லை. லிவர் கல் மாதிரி இறுக்கம். ஆனால் 3எல் டீசலின் நடுக்கம் முழுதாகக் கைக்கு ஏறுகிறது. உடப்புசல்லாவை வரைக்கும் ஓட்டிவிட்டு இறங்கினால் உள்ளங்கை மரத்துப்போகும். நைலோன் அந்த நடுக்கத்தை விழுங்குகிறது, பித்தளை விழுங்காது. அதோடு பித்தளைக்குக் கிரீஸ் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், கடைகிற பாஸின் கை அளவும் சரியாக இருக்க வேண்டும். கொஞ்சம் பெரிதாகக் கடைந்தால் குழியில் சிக்கும், சிறிதாகக் கடைந்தால் பழைய ஆட்டமே திரும்ப வரும். நைலோன் கிடைக்காத இடத்தில் போடலாம். கிடைக்கும்போது ஏன்?

ஷோர்ட் ஷிஃப்டர் போட்டிருப்பது பண்டாரவளையில் இருக்கும் என் மச்சான். அவனுக்கு அதில் அவ்வளவு ஆசை, நானும் அவன் ஹைலக்ஸை ஹப்புத்தளை வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். அது எப்படி வேலை செய்கிறதென்றால், உருண்டைக்குக் கீழே உள்ள பகுதியை நீட்டி அல்லது மேலே உள்ளதைக் குறைத்து, கை போகும் தூரத்தைச் சுருக்குகிறார்கள். தூரம் குறைகிற அளவுக்குப் பலம் கூடும், இதில் தப்பிக்க வழியில்லை. தூரத்தை நூற்றுக்கு 30 குறைத்தால், கை கொடுக்க வேண்டிய பலம் நூற்றுக்கு 43 அளவில் ஏறும். புதுப் பொக்ஸ், தட்டையான பாதை, வெயில் ஊர் என்றால் அது சுகமாகத்தான் இருக்கும். எங்களுக்கு மூன்றும் இல்லை. முப்பது வருசப் பொக்ஸின் சின்க்ரோ வளையங்கள் தேய்ந்திருக்கும். அவை கியரின் வேகத்தைச் சமப்படுத்த ஒரு கணம் கேட்கும், ஷோர்ட் ஷிஃப்டர் அந்தக் கணத்தைத் தராமல் அவசரப்படுத்துகிறது. ஜனவரியில் பனி உறையும் நுவரெலியாக் காலையில் ஒயில் தடித்துக் கிடக்கும்போது இரண்டாம் கியர் சாதாரண லிவருக்கே முரண்டு பிடிக்கும். மச்சான் வண்டியில் பலமாகத் தள்ள வேண்டியிருந்தது. அவனுக்குக் கிடைத்த நல்ல பலனில் பெரும்பங்கு, அந்தக் கிட்டோடு வந்த புதுப் புஷ்களால்தான் என்பது என் முடிவு. அதை அவனிடமும் சொன்னேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. விலையோ நான் கொடுத்ததைப் போலப் பல மடங்கு.

புஷ் எதைச் சரிசெய்யாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லிவர் இறுக்கமாகவே இருந்து, போடும்போது மட்டும் கரகரவென்று அரைத்தால் அது சின்க்ரோ, அல்லது கிளச் முழுதாக விடவில்லை. முதலில் கிளச் ஒயில் மட்டத்தையும் சிலிண்டர் கசிவையும் பாருங்கள். எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் சுகமாக விழுந்து, ஓடும்போது விழ மறுத்தால் கிளச் மேல்தான் சந்தேகம் வர வேண்டும். போட்ட கியர் தானாகக் கழன்றால் அது பொக்ஸின் உள் வேலை, புஷ் போட்டுத் தீராது. எஞ்சின், கியர் பொக்ஸ் மவுண்ட் றப்பர்கள் போயிருந்தாலும் லிவர் குலுங்கும், அது எக்ஸலேட்டரை மிதித்து விடும்போது லிவர் முழுதாக முன்னும் பின்னும் போய் வருவதில் தெரியும்.

ஒயிலையும் இதோடு மாற்றினோம். 75டபிள்யூ-90, ஜீ.எல். 4 தரம். சின்க்ரோ வளையங்கள் பித்தளை வகை உலோகம் என்பதால் அண்ணன் ஜீ.எல். 4 தான் போடுவார். ஜீ.எல். 5 ஒயிலில் கூடுதலாகச் சேர்க்கும் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கக்கூடும் என்பது அவர் கணக்கு. காலைக் குளிரில் இரண்டாம் கியரின் முரண்டு பாதியாகக் குறைந்ததற்கு இந்த ஒயிலுக்கும் பங்கு உண்டு.

வேறு வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2004க்குப் பிறகு வந்த கே.டி.எச். ஹையேஸில் லிவர் டாஷ்போர்டில் இருக்கிறது, கேபிள் வழியாகப் பொக்ஸுக்குப் போகிறது. முன் சக்கரம் இழுக்கும் கார்களிலும் கேபிளோ ரொட்டோ உண்டு. அவற்றில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ் இருக்கும், எது போயிருக்கிறது என்று ஒருவர் லிவரை ஆட்ட இன்னொருவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். நான் மேலே சொன்ன வேலை முறை அவற்றுக்குப் பொருந்தாது.

எங்கள் வண்டியில் பாக்கி இருப்பது பக்கத்து ஃபோர் வீல் லிவர். அதன் புஷ்ஷும் ஆடுகிறது, இப்போது மற்றது இறுக்கமானதால் இதன் சத்தம் தனியாகக் கேட்கிறது. நானாவிடம் அன்றைக்கு இருக்கவில்லை, வந்தால் எடுத்து வைக்கிறேன் என்றார். வந்ததும் போய் எடுத்துக்கொண்டு, அதைப் போட்டபின் இங்கே எழுதுகிறேன்.